"சண்டை போட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

அட்டன் பக்கத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். தரம் 11 மாணவி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். கொப்பிக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டி, "சேர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு அப்பா" என்றாள். தேயிலைத் தோட்ட ஆபீசில் நடந்த விசாரணையில் அவளுடைய அப்பா கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அங்கே ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "ஐ ஃபோட் வித் த கே.பி." கணக்கப்பிள்ளையைத்தான் சுருக்கமாகக் கே.பி. என்பார்கள்.

நடந்தது இதுதான். அந்திக் கொழுந்து நிறுத்தபோது மனைவிக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிட்டார்கள் என்று தெரிந்து, அவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்க் கணக்கப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். நிறை ரெண்டு கிலோ போதாது என்றார் கணக்கப்பிள்ளை. மழைக்கொழுந்து என்று சொல்லிக் கூடுதலாகக் கழித்ததால்தான் போதவில்லை என்றார் இவர். குரல் ஏறியது. யாரும் கை ஓங்கவில்லை. கூடையோடு சுற்றி நின்ற பெண்களுக்கெல்லாம் அது தெரியும். விசாரணையில் கேட்டபோது, "ஆமாங்க, சண்டை போட்டேன்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தமிழில் அது நேர்மையான பதில். ஆனால் அந்த ஆங்கில வரியை மட்டும் படிப்பவருக்கு, ரெண்டு ஆம்பிளைகள் மடுவத்து வாசலில் கட்டிப் புரண்ட காட்சிதான் கண்ணில் வரும். வாய்த்தர்க்கத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விடுவார்கள். அடிதடி என்று எழுதிவிட்டால் வேலைக்கே ஆபத்து.

ஒரு சொல்லை மாற்றி எழுதியதில் ஒரு குடும்பத்தின் சம்பளம் ஊசலாடியதைப் பார்த்த பிறகுதான், இந்தச் சொற்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

தமிழில் "சண்டை" பெரிய வீடு. அண்ணன் தங்கச்சி பென்சிலுக்குப் பிடுங்கிக்கொள்வதும் சண்டை, புருஷன் பெண்சாதி ரெண்டு நாள் பேசாமல் இருப்பதும் சண்டை, கத்தியோடு நிற்பதும் சண்டை, உலக நாடுகள் மோதுவதும் சண்டை. எந்த அளவு என்பதை நாம் குரலாலும், "வாய்ச்சண்டை", "கைகலப்பு" என்ற கூட்டுச் சொற்களாலும் காட்டிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. வாயா, கையா என்பதைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். "ஃபைட்" என்ற சொல் வாய்ச்சண்டைக்கும் வரத்தான் செய்யும். காதலர்களும் கூடப்பிறந்தவர்களும் வீட்டில் அப்படிப் பேசுவார்கள். ஆபீஸ் தாளிலோ பொலிஸ் முறைப்பாட்டிலோ அதே சொல் வந்தால், கை நீண்டது என்றுதான் பொருள் கொள்வார்கள்.

அந்த இடத்துக்குப் பொருந்தும் சொல் "ஆர்கியூ". இதன் லத்தீன் மூலத்துக்குத் தெளிவாக்குவது, நிரூபிப்பது என்று பொருள். இன்றைக்கும் அந்த வாசம் போகவில்லை. கோபமாகப் பேசினாலும், பேசுகிறவரிடம் ஒரு காரணம் இருக்கிறது என்ற மரியாதையை இந்தச் சொல் கொடுக்கிறது. அதனால்தான் பரீட்சைக் கட்டுரையில் நாம் முன்வைக்கும் வாதத்துக்கும் "ஆர்கியூமென்ட்" என்றே பெயர். "குவாரல்" வேறு மாதிரி. அதன் மூலம் லத்தீனில் முறைப்பாடு என்ற பொருளுள்ள சொல். மூலத்தைப் பார்த்தால் நம்ம ஆளுக்கு அதுதான் சரியாகப் பொருந்தும், அவர் போனதே முறைப்பாட்டோடுதான். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் "குவாரல்" என்றால் ஒருவருக்கொருவர் பிடிக்காமல் அற்ப விஷயத்துக்கு முறுக்கிக்கொள்வது என்ற நிறம் ஏறிவிட்டது. நிறையைப் பற்றிக் கேட்டவரை அது சண்டைக்காரர் ஆக்கிவிடும். பிரித்தானிய வழக்கில் "ரவ்" என்று இன்னொரு சொல் உண்டு, சத்தமான வாய்த்தகராறு என்று பொருள். வரிசையைக் குறிக்கும் "ரோ" என்ற சொல்லின் அதே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. பிள்ளைகள் வாசிக்கும்போது இது அடிக்கடி தடுக்கும்.

நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த வாக்கியம்: "ஐ ஆர்கியூட் வித் த கே.பி. எபவுட் த வெயிட்." யாரோடு என்பதற்கு "வித்", எதைப் பற்றி என்பதற்கு "எபவுட்". இந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். எதற்காக நடந்தது என்பதை அது உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. முதல் தாளில் நிறை என்ற பேச்சே இல்லை. மறுநாள் தோட்டத் தலைவர் அதை எடுத்துப் போய்ப் பேசி, வாக்குமூலத்தைத் திருத்தி எழுத வைத்தார். எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் நின்றது. கழித்த ரெண்டு கிலோ திரும்ப வரவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தமிழில் சொல் போதவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, களத்தில் நேருக்கு நேர் நின்றால் தும்பை, வென்றால் வாகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பூச்சூடிய மொழி நம்முடையது. "ரெய்ட்", "சீஜ்", "பெட்டில்" என்று ஆங்கிலம் பிரிப்பதை நம் புறத்திணை என்றோ பிரித்துவிட்டது. காதலர் சண்டைக்கு "ஊடல்" என்று நாம் வைத்திருக்கும் அழகான சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தின் "டிஃப்" வெறும் சிணுங்கல்தான். பழக்கத்தில் அந்தப் பிரிவுகளை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

"வித்" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்முடைய "ஓடு" என்ற உருபை அப்படியே பெயர்த்தால் "வித்" வருகிறது. "தாத்தா பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார்" என்று தமிழில் சொன்னால் எதிரி யார் என்பதில் குழப்பமில்லை; கூட நின்றிருந்தால் "சேர்ந்து" என்று ஒரு சொல் சேர்ப்போம். ஆங்கிலத்தில் "ஃபோட் வித் த ஜப்பனீஸ்" என்றால் எதிர்த்தாரா, கூட நின்றாரா என்று தெரியாது. அதனால் எதிர்த்து என்றால் "எகேன்ஸ்ட்", வேண்டி என்றால் "ஃபோர்" என்று எழுதிப் பழகுவது நல்லது. "ஃபைட் எகேன்ஸ்ட் பொவர்ட்டி", "ஃபைட் ஃபோர் லேண்ட்" என்று. வறுமையை எதிர்த்து, காணிக்காக. இதை மாற்றி எழுதினால் வறுமை வேண்டும் என்று போராடுவது போலாகிவிடும்.

இனி "போராட்டம்". மலையகத்தில் வளர்கிற பிள்ளைக்கு இந்தச் சொல் சோற்றோடு சேர்ந்து ஊட்டப்பட்டது. சம்பளப் போராட்டம், காணிப் போராட்டம், மெதுவாக வேலை செய்யும் போராட்டம், உண்ணாவிரதப் போராட்டம். அகராதியில் இதற்கு நேர் "ஸ்ட்ரகல்" என்று இருக்கும். பிள்ளை அதை நம்பி "டீச்சர்ஸ் ஆர் ஸ்ட்ரக்லிங்" என்று எழுதுகிறது. ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டு வீதிக்கு வந்திருக்கிறார்கள் என்பதுதான் அது சொல்ல நினைத்தது. ஆங்கிலம் படிப்பவருக்கோ, ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை, திண்டாடுகிறார்கள் என்று கேட்கும். "ஸ்ட்ரகல்" வினைச்சொல்லாக வரும்போது அதற்குள் திண்டாட்டமும் இருக்கிறது. "மை மதர் ஸ்ட்ரகல்ஸ் டு பே த டியூஷன் ஃபீஸ்" என்றால் அம்மா பணம் கட்டப் படாத பாடு படுகிறாள் என்று பொருள். பெயர்ச்சொல்லாக, நீண்ட காலப் போராட்டம் என்ற பொருளில், "த ஸ்ட்ரகல் ஃபோர் சிட்டிசன்ஷிப்" என்று எழுதலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை நம் சனம் பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டு மீட்டதற்கு அது பொருத்தமான சொல். ஒரு நாள் பதாகை பிடித்து நிற்பது "ப்ரொட்டெஸ்ட்". வேலைக்குப் போகாமல் இருப்பது "ஸ்ட்ரைக்".

இந்த "ஸ்ட்ரைக்" எப்படி வந்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அடிப்பது என்பதற்கும் அதே சொல்தானே. கப்பலில் பாயை இறக்குவதற்கும் "ஸ்ட்ரைக்" என்பார்கள். 1768இல் லண்டனில் கூலி பற்றாத மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கி, கப்பல் நகராதபடி செய்தார்கள். அன்றிலிருந்து வேலையை நிறுத்துவதற்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அடி என்ற பொருளும் இன்னும் உயிரோடு இருப்பதால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "த வேர்க்கர்ஸ் ஸ்ட்ரக்" என்று நிறுத்தினால் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு ஆள் பெயரைச் சேர்த்து "ஸ்ட்ரக் த மெனேஜர்" என்றால் துரையை அடித்துவிட்டார்கள். அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, "வென்ட் ஒன் ஸ்ட்ரைக்" என்றே எழுதுங்கள், வம்பில்லை. ஸ்ட்ரைக் அறிவிப்பது "கோல்". கைவிடுவது "கோல் ஓஃப்". ஒரு சின்னச் சொல் கூடினால் விஷயம் தலைகீழ்.

நம் பத்திரிகைகள் ஸ்ட்ரைக்கைப் "பணிப்பகிஷ்கரிப்பு" என்று எழுதும். பகிஷ்கரிப்பு என்றால் வெளியே தள்ளி வைப்பது. அதற்கு ஆங்கிலத்தில் "போய்கொட்". அது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் நிலப்பிரபு ஒருவருக்காகக் குத்தகைப் பணம் வசூலித்துவந்த கப்டன் சார்ள்ஸ் போய்கொட்டை 1880இல் ஊரே ஒதுக்கி வைத்தது. அவர் வயலில் அறுவடைக்குக் கூட யாரும் இறங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. ஆனால் "போய்கொட் வேர்க்" என்று ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுவதில்லை. பொருளை, கடையை, கூட்டத்தை, பரீட்சையைப் பகிஷ்கரிக்கலாம். வேலை என்றால் ஸ்ட்ரைக்தான்.

"டிஸ்பியூட்" என்பதை நம் சட்டத் தமிழ் "பிணக்கு" என்கிறது. அருமையான சொல், பேச்சில் இல்லாமல் போனதுதான் குறை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். தொழில்தருநருக்கும் தொழிலாளிக்கும் இடையில் வேலை, வேலை நிபந்தனை, வேலைநீக்கம் போன்றவற்றில் வரும் கருத்து வேறுபாடு எதுவும் அதன்படி பிணக்கு. அந்தப் பெயர் கிடைத்தால், தொழில் ஆணையாளரிடம் கொண்டுபோவது, இணக்கம் பேசுவது, நடுத்தீர்ப்புக்கு விடுவது என்று வழிகள் திறக்கின்றன. "ஃபைட்" என்ற பெயருக்கு அந்த வழி ஒன்றும் திறக்காது, ஒழுக்காற்று விசாரணைதான். மடுவத்தில் நிறையைப் பற்றி எழுந்த கேள்வி உள்ளபடி ஒரு பிணக்கு. அதைக் கேட்ட விதத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துத் தாளில் எழுதிவிட்டால், பிணக்கு மறைந்து குற்றம் மட்டும் மிஞ்சும்.

இதோடு சேர்ந்தது "கோரிக்கை". ஆயிரம் ரூபா சம்பளக் கோரிக்கையை ஆங்கிலப் பத்திரிகைகள் "டிமாண்ட்" என்று எழுதின. சரிதான், தொழிற்சங்கம் உரிமையோடு கேட்பது டிமாண்ட். அதைப் படித்த பிள்ளை அதிபருக்கு எழுதும் கடிதத்தில் "வீ டிமாண்ட் அ ஹோலிடே" என்று எழுதினால் அதிபர் முகம் சிவந்துவிடும். அங்கே "ரிக்குவெஸ்ட்". தமிழில் ரெண்டும் கோரிக்கை. பணிவை "தயவுசெய்து" என்பதில் வைத்துக்கொள்கிறோம்.

எனக்கு மனம் அதிகம் நோகும் இடம் "மோதல்" என்ற சொல். ஆங்கிலத்தில் "கிளேஷ்". இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டது என்ற பொருளைத் தன்னாலேயே கொண்டுவரும் சொல் இது. 1940 ஜனவரியில், முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில், பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். இதை "கிளேஷ் பிட்வீன் பொலிஸ் அண்ட் வேர்க்கர்ஸ்" என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. துவக்கு யார் கையில் இருந்தது என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் இருக்காது. "பொலிஸ் ஷொட் அ வேர்க்கர்" என்று எழுதினால் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று தெரியும். "கிளேஷ்", "கொன்ஃப்ளிக்ட்" போன்ற பெயர்ச்சொற்களின் வேலையே எழுவாயை மறைப்பதுதான் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். "கொன்ஃப்ளிக்ட்" என்பதன் லத்தீன் மூலமும் ஒன்றோடொன்று மோதுவதுதான்.

"கலவரம்" இன்னும் கனமானது. 1977இலும் 1983இலும் நடந்ததை வீட்டில் நாம் கலவரம் என்றே சொல்கிறோம். அம்மாமார் "கலவரத்துல எரிஞ்ச வீடு" என்று இடம் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் நேராக "ரயட்" என்று எழுதினால், கட்டுக்கடங்காத கூட்டம் ஒன்று தெருவில் இறங்கிய செய்தி மட்டும் கிடைக்கும். ஒரு இனத்தாரைக் குறிவைத்து, அவர்கள் வீட்டையும் கடையையும் தேடித் தேடி எரிப்பதற்கு ஆங்கிலத்தில் "பொக்ரொம்" என்று வேறு சொல் இருக்கிறது. ரஷ்ய மொழியிலிருந்து வந்தது, அங்கே யூதர்களுக்கு நடந்ததைக் குறித்தது. 1983 யூலையைப் பற்றி எழுதும் ஆய்வாளர் பலர் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தரம் 11 பிள்ளைக்கு ரெண்டு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தன் பாட்டியின் கதையை ஒருநாள் ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், எந்தச் சொல்லைப் போடுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, போட்டிக்கு வருவோம். ஓட்டம் "ரேஸ்", கிரிக்கெட் "மெட்ச்", பேச்சு, கட்டுரை "கொம்பிட்டிஷன்", பல அணி பல நாள் ஆடினால் "டோர்னமென்ட்". தேர்தலில் போட்டியிடுவதற்கு இலங்கை ஆங்கிலத்தில் "கொன்டெஸ்ட்". இங்கிலாந்தில் "ஸ்டேண்ட்", அமெரிக்காவில் "ரன்". 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் போட்டியிட்டது என்று எழுதும்போது "கொம்பீட்" போட்டால் ஏதோ விளையாட்டு விழா போலாகிவிடும். இவை பழக்கத்தில் வந்துவிடும்.

வராமல் அடம் பிடிப்பது "வின்". தமிழில் போட்டியையும் வெல்லலாம், ஆளையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் "வின்" பண்ணுவது மெட்ச்சை, கிண்ணத்தை, பரிசை. ஆளை "பீட்" பண்ண வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த வாரம் எந்தக் கொப்பியைத் திறந்தாலும் "வீ வொன் தெம்" என்று இருக்கும். "வீ பீட் தெம்" என்று திருத்திக் கொடுப்பேன். இதற்குத் தமிழிலேயே ஒரு துணை இருக்கிறது: மைதானத்தில் பையன்கள் "அவனுகள அடிச்சிட்டோம்டா" என்பார்கள். "பீட்" என்றாலும் அடிதான். அதனால், "அடிச்சிட்டோம்" என்று வருகிற இடத்தில் பீட், "கப் அடிச்சோம்" என்றால் மட்டும் வின். 1996இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பேன்: ஸ்ரீ லங்கா "பீட்" ஒஸ்ட்ரேலியா "பை" செவன் விக்கெட்ஸ், ஸ்ரீ லங்கா "வொன்" த வேர்ல்ட் கப், ஒஸ்ட்ரேலியா "லொஸ்ட் டு" ஸ்ரீ லங்கா. தோற்றது "அவர்களிடம்" என்பதால் பிள்ளைகள் "ஃப்ரொம்" போடுவார்கள், அங்கே "டு"தான்.

கடைசியாக "ரைவல்". போட்டியாளர் என்று அகராதி சொல்லும், பிள்ளைகள் "எனிமி" என்றே விளங்கிக்கொள்வார்கள். லத்தீனில் இதன் வேர் நீரோடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் ரைவல். இதை வகுப்பில் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, காலையில் வரிசையாக வாளியும் குடமும், யாருடைய குடம் முந்தி என்ற பேச்சு. தமிழில் இதற்கு ஈடான சொல் "பங்காளி". ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்பவன் என்பதுதான் பொருள், ஆனால் "பங்காளிச் சண்டை" என்றால் அதன் சூடு எல்லோருக்கும் தெரியும். ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் ஆசைப்படுவதுதான் ரைவல். "எனிமி"க்கு அப்படி ஒரு பொதுப்பொருள் தேவையில்லை, அங்கே வெறுப்புதான் வேலை செய்கிறது. கண்டியில் பிறந்த முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட், ஷேன் வோர்ன் 708. உலகின் அதிக விக்கெட்டுக்காக ரெண்டு பேரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டே இருந்தார்கள். இன்று இலங்கையும் ஒஸ்ட்ரேலியாவும் டெஸ்ட் தொடர் ஆடும் கிண்ணத்துக்கு வோர்ன்–முரளிதரன் என்று இருவர் பெயரும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனிமி என்றால் ஒரே கிண்ணத்தில் பெயர் பொறித்திருப்பார்களா?

பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கை தூக்கினான். "சேர், எங்கம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் பீலில தினம் சண்டை. ஆனா அம்மாவுக்குக் காய்ச்சல்னா அத்தைதான் தண்ணி தூக்கிட்டு வந்து ஊத்துவாங்க. அவங்க ரைவல்ஸா?"

ரைவல்ஸ்தான் என்றேன். சண்டைக்கு என்ன போடுவாய் என்று திருப்பிக் கேட்டேன். வாயாலயா, கையாலயா என்று பக்கத்தில் இருந்தவன் அவனைக் கேட்டான். வாயாலதான் என்றான். "தே ஆர்கியூ எபவுட் த வோட்டர்" என்று கொப்பியில் எழுதிக்கொண்டான்.